சமரச அமர்வில் தரப்பினர் வருகை: ஆள் வந்தால் போதுமா?

நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைப் பேசித் தீர்ப்பதற்கெனக் கூட்டப்படும் அமர்வுக்கு யார் வரவேண்டும் என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் சிறியதொரு நடைமுறை விவரமாகவே தோன்றும். வாதியும் பிரதிவாதியும் வரவேண்டும். இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வினவக்கூடும். தரப்பினர் இருவருமே தனி மனிதர்களாக இருக்கும் வரையில் இந்த வினா நியாயமானதே. ஆனால், ஒரு தரப்பு அரசுத் துறையாகவோ, வங்கியாகவோ, காப்பீட்டு நிறுவனமாகவோ, ஊராட்சியாகவோ இருக்கும்போது ‘வருதல்’ என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. துறை என்பது நாற்காலியில் வந்து அமரக்கூடியதன்று; அதன் பெயரால் யாரோ ஒருவர் வருகிறார். அவரிடம் கோப்பு இருக்கலாம். வழக்கின் வரலாறு முழுவதும் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கலாம். எனினும், ‘இந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்கிறோம்’ என்று கூறும் அதிகாரம் அவரிடம் இல்லையெனில், அந்த அமர்வு இன்னுமொரு வாய்தாவாகவே முடிவடைகிறது. எதிர்த்தரப்பில் வந்து காத்திருப்பவருக்கோ அன்றைய கூலி போய்விடுகிறது.

நம் நாட்டுச் சட்டம் ஆள் வருகையைப் பற்றி நிறையவே கூறுகிறது. அதிகாரத்தின் வருகையைப் பற்றி மிகக் குறைவாகவே கூறுகிறது. இந்த இடைவெளியின் விளைவுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் கூறுவது என்ன?

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பில், கட்டளை 3, விதி 1-இன்படி ஒரு தரப்பினர் தாமாகவோ, அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலமாகவோ, வழக்கறிஞர் மூலமாகவோ முன்னிலையாகலாம். நீதிமன்றம் பணித்தால் நேரில் வரவேண்டும். கட்டளை 10, விதி 4-இன்படி, வழக்கறிஞரால் பதில் கூற இயலாத முக்கிய வினா எழுமானால், கட்சிக்காரரையே நேரில் வருமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். வராதவருக்கு எதிராகத் தீர்ப்பே வழங்கலாம். இவை எல்லாம் வழக்கை விசாரிப்பதற்கான வருகை பற்றியவை.

அரசு தரப்பைப் பற்றித் தனியாக ஒரு விதி உண்டு. கட்டளை 27, விதி 6. அரசு வழக்கறிஞருடன், வழக்கைப் பற்றிய முக்கிய வினாக்களுக்கு விடையளிக்கக்கூடிய ஒருவர் அரசின் சார்பில் வரவில்லையெனில், அத்தகைய ஒருவரை வரவழைக்குமாறு நீதிமன்றம் பணிக்கலாம் என்கிறது அது. விதியின் சொற்களை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அது கேட்பது விடை தெரிந்தவரை. முடிவெடுக்க வல்லவரை அன்று. 1908-இல் இது இயல்பே. அன்று நீதிமன்றத்துக்கு அரசிடமிருந்து தேவைப்பட்டது தகவல் மட்டுமே.

1976-ஆம் ஆண்டின் திருத்தம் நிலைமையை மாற்றியது. கட்டளை 27-இல் 5-ஆ என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. அரசு ஒரு தரப்பாக உள்ள ஒவ்வொரு வழக்கிலும், வழக்கின் தன்மைக்கு இசைந்தவரை, தரப்பினர் சமரசம் காண உதவ முதலில் முயல்வது நீதிமன்றத்தின் கடமை என்று அது விதித்தது. கடமை நீதிமன்றத்துக்கு விதிக்கப்பட்டது. ஆனால் அந்த முயற்சியில் பங்குகொள்ள அரசு யாரை அனுப்ப வேண்டும் என்பது கூறப்படவில்லை. பழைய விதி 6-இன் ‘விடை தெரிந்தவர்’ அப்படியே நின்றுவிட்டார்.

2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் பிரிவு 89-ஐ மீண்டும் சட்டத்தில் இடம்பெறச் செய்தன. வழக்கை நடுவர் முறை, இணக்க முறை, மக்கள் நீதிமன்றம் உள்ளிட்ட நீதிமுறைத் தீர்வு, சமரசம் ஆகிய வழிகளுள் ஒன்றுக்கு அனுப்ப இப்பிரிவு இடமளிக்கிறது. உடன் வந்த கட்டளை 10, விதி 1-ஆ, அவ்வாறு அனுப்பப்பட்ட வழக்கில் தரப்பினர் அந்த அமைப்பின் முன் முன்னிலையாக வேண்டும் என்று சுருக்கமாகக் கூறி நின்றுவிடுகிறது. இத்திருத்தங்களை ஆராய்ந்த சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் (2005) உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட மாதிரி விதிகள் சற்று விரிவானவை. தரப்பினர் நேரிலோ, வழக்கறிஞர் மூலமாகவோ, அதிகார ஆவணம் பெற்றவர் மூலமாகவோ அமர்வுக்கு வரலாம். போதிய காரணமின்றி வராதவர் மீது நீதிமன்றம் செலவுத் தொகை விதிக்கலாம். இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரசத் தீர்வு மையம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கப்பெற்றதும் அதே 2005-இல்தான்.

வணிக வழக்குகளுக்கு வேறொரு முறை உள்ளது. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்ட பிரிவு 12-அ-இன்படி, அவசர இடைக்காலப் பரிகாரம் கோராத வழக்குகளில், வழக்குத் தொடுக்கும் முன்பே சமரசத்துக்கு முயல வேண்டும். இது கட்டாயமே என்பதை பாட்டில் ஆட்டோமேஷன் வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் கட்டாயம் யாருக்கு? வழக்குத் தொடுப்பவருக்கு மட்டுமே. எதிர்த்தரப்பு அறிவிப்பைப் பெற்றும் பதிலளிக்காமலோ பங்கேற்க மறுத்தோ இருந்துவிட்டால், சமரசம் தொடங்கவே இல்லை என்ற அறிக்கையுடன் விவகாரம் முடிந்துவிடுகிறது. 2018-ஆம் ஆண்டு விதிகளில் வராமைக்கெனத் தனித் தண்டனை ஏதுமில்லை. வராமலிருப்பதற்கு விலை இல்லாதபோது பலரும் அதையே தேர்ந்தெடுப்பர் என்பதை அறியப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. இதற்கு ஓரளவு மாற்றாகச் சட்டத்தில் உள்ளது, வணிக வழக்குகளுக்கெனத் திருத்தப்பட்ட பிரிவு 35. நியாயமான சமரச முன்மொழிவைக் காரணமின்றி மறுத்தவரா என்பதைச் செலவுத் தொகை விதிக்கும்போது நீதிமன்றம் கருதிப் பார்க்கலாம் என்று அது கூறுகிறது. இப்பிரிவை நம் வணிக நீதிமன்றங்கள் இன்னும் துணிந்து பயன்படுத்தலாம் என்பது என் கருத்து.

கையொப்பம் யாருடையது?

வருகைக்கு இணையான மற்றொரு கேள்வி கையொப்பம் பற்றியது. கட்டளை 23, விதி 3-இன்கீழ் சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் அதில் கையொப்பமிட வேண்டும் என்று 1976 திருத்தம் விதித்தது. நீதிமன்ற அறையில் வாய்மொழியாகச் சொல்லிப் பின்னர் மறுக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதே இதன் நோக்கம். ‘தரப்பினர்’ என்றால் வழக்கறிஞரும் அடங்குவாரா? பைராம் பெஸ்டோன்ஜி வழக்கில் (1991) அடங்குவார் என்றது உச்ச நீதிமன்றம். ஆயினும், கட்சிக்காரரின் தெளிவான ஒப்புதலின்றி வழக்கறிஞர் அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்க இயலாது என்பதை ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில் (2015) அதே நீதிமன்றம் வலியுறுத்திற்று. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் எளிது. கையொப்பமிடும் கை எவருடையதாகவும் இருக்கலாம். அதற்குப் பின்னே உரியவரின் ஒப்புதல் இருந்தாக வேண்டும்.

ஒரு கணக்கு

அதிகாரமற்ற வருகையால் விளையும் இழப்பு எவ்வளவு? ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் காண்போம். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் அரசுத் துறையொன்றிடம் 20 லட்சம் ரூபாய் கோருகிறார். ஐந்து ஆண்டுகள் வழக்கு நடந்தபின், நீதிமன்றம் 12 லட்சமும் அதற்கு ஆண்டுக்கு 9 சதவீதத் தனிவட்டியும் வழங்கும் என்று இரு தரப்பு வழக்கறிஞர்களுமே மதிப்பிடுகின்றனர் எனக் கொள்வோம். வட்டி 5.4 லட்சம், ஆக மொத்தம் 17.4 லட்சம். வழக்குச் செலவு ஒவ்வொரு தரப்புக்கும் 1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

அரசுக்கு ஐந்தாம் ஆண்டின் இறுதியில் ஆகும் சுமை 18.4 லட்சம். அரசு கடன் பெறும் வட்டி வீதம் 7 சதவீதம் எனில், இதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 13.1 லட்சம். ஒப்பந்தக்காரருக்கு மிஞ்சுவது 16.4 லட்சம். ஆனால் அவர் தொழில் மூலதனத்துக்கு 14 சதவீத வட்டியில் கடன் வாங்குபவர். அவர் கணக்கில் இதன் இன்றைய மதிப்பு சுமார் 8.5 லட்சமே. ஆகவே 8.5 லட்சத்துக்கும் 13.1 லட்சத்துக்கும் இடைப்பட்ட எந்தத் தொகைக்கு இன்று உடன்பாடு கண்டாலும் இரு தரப்புக்கும் ஆதாயமே. 11 லட்சத்துக்கு முடிந்தால் பொதுப்பணத்தில் 2 லட்சத்துக்கு மேல் மிச்சம். ஒப்பந்தக்காரருக்கும் ஏறக்குறைய அதே அளவு நன்மை.

இவ்வளவு அகலமான வெளி இருந்தும் உடன்பாடு ஏன் ஏற்படுவதில்லை? அமர்வுக்கு வந்த உதவிப் பொறியாளரோ பிரிவு அலுவலரோ, ‘11 லட்சம்’ என்ற சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டு போக மட்டுமே வந்தவர். அவர் எழுதிச்சென்ற குறிப்பு மேலே ஏறி, நிதிப் பிரிவில் ஒரு வினாவுடன் இறங்கி, மீண்டும் ஏறுவதற்குள் சமரசத்துக்கான காலவரம்பு முடிந்துவிடுகிறது.

அலுவலர் ஏன் தயங்குகிறார்?

இதற்கு அலுவலர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் அது பிரச்சினையைப் புரிந்துகொள்ள உதவாது. 11 லட்சத்துக்கு ஒப்புக்கொண்ட அலுவலரிடம், மறுக்கப்பட்டிருந்த கோரிக்கைக்கு ஏன் பணம் கொடுத்தீர்கள் என்று தணிக்கை கேட்கும். யாரோ ஒருவர் புகார் எழுதினால் ஊழல் கண்காணிப்புப் பிரிவும் கேட்கும். ஐந்து ஆண்டுகள் கழித்து 18.4 லட்சம் செலவாகும்போதோ எவரும் எதுவும் கேட்பதில்லை. ‘நீதிமன்ற ஆணைப்படி’ என்ற இரு சொற்கள் கோப்பை மூடிவிடுகின்றன. அதற்குள் அந்த அலுவலர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போயிருப்பார். கொடுத்த பணத்துக்குப் பொறுப்பாளி உண்டு. தாமதத்தால் போன பணத்துக்குப் பொறுப்பாளி இல்லை. இத்தகைய அமைப்பில், அதிகாரம் படைத்தவர் அமர்வுக்கு வராமல் தமக்குக் கீழுள்ளவரை அனுப்புவது அவர் நிலையிலிருந்து நோக்கின் அறிவுடைய செயலே.

செயலாளர்களை நேரில் அழைத்தால் தீர்ந்துவிடுமா? தீராது என்றே கூறவேண்டும். உத்தரப் பிரதேச அரசு தொடர்பான வழக்கொன்றில் 2024 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், அரசு அலுவலர்களை வழக்கமாக நேரில் வரவழைப்பதைத் தவிர்க்குமாறும், தேவைப்பட்டால் காணொலி வழி வருவதற்கே முதலில் வாய்ப்பளிக்குமாறும் நெறிமுறைகளை வகுத்தது. பல மாவட்டங்களில் பல நூறு வழக்குகள் உள்ள துறையின் தலைவர் ஒவ்வோர் அமர்விலும் வந்து அமர இயலாது என்பது வெளிப்படை.

இதே சிக்கலை அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களும் சந்தித்துள்ளன. அங்கு வழக்கு விசாரணைக்கு முன் நீதிமன்றமே சமரச மாநாடு கூட்டும். ஹைல்மன் மதுவடிப்பு நிறுவன வழக்கில் (1989), சமரச அதிகாரம் படைத்த நிறுவனப் பிரதிநிதியை அனுப்பாமல் வழக்கறிஞரை அனுப்பியதற்காக விதிக்கப்பட்ட சுமார் 5,860 டாலர் தண்டத்தை ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வில் உறுதிசெய்தது. தனியார் நிறுவனத்துக்கு இந்த விதி. ஆனால் அரசே தரப்பாக இருந்த ஸ்டோன் விவகாரத்தில் (1993) ஐந்தாம் வட்ட நீதிமன்றம் வேறு நிலை எடுத்தது. முழு அதிகாரம் படைத்த அரசுப் பிரதிநிதி எல்லா வழக்குகளிலும் நேரில் வரவேண்டும் என்ற பொது ஆணை பொருந்தாது. நாடெங்கும் ஒரே கொள்கையைக் கடைப்பிடிக்க அரசு தன் முடிவதிகாரத்தை மையப்படுத்தி வைத்திருப்பது நியாயமே. அத்தகைய அலுவலர் தொலைபேசியில் கிடைக்கும்படி செய்வது போன்ற எளிய வழிகளை முதலில் நாடவேண்டும் என்றது. அரசுக்கு அளித்த இச்சலுகை சோம்பலுக்கு அளித்த அனுமதி அன்று. ஆள் எங்கிருந்தாலும் அதிகாரம் அந்த நேரத்தில் எட்டும் தொலைவில் இருக்கவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

அதிகாரத்தை முன்கூட்டியே அனுப்புதல்

நம் நாட்டிலும் இதற்கான முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் திருத்தப்பட்ட பிரிவு 149, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. விபத்து பற்றிய தகவல் கிடைத்ததும், இழப்பீட்டுக் கோரிக்கையைத் தீர்ப்பதற்கென்றே காப்பீட்டு நிறுவனம் ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும்; அவர் 30 நாள்களுக்குள் தீர்ப்பாயத்தின் முன் தொகையொன்றை முன்வைக்கலாம். இங்கே சட்டம் கேட்பது விடை தெரிந்தவரை அன்று, தொகை சொல்லக்கூடியவரை. 1908-இன் விதி 6-இலிருந்து இது எவ்வளவு தொலைவு வந்துள்ளது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

அரசு ஒப்பந்தத் தகராறுகளில் 2023-இல் செயல்படுத்தப்பட்ட ‘விவாத் சே விஸ்வாஸ்’ இரண்டாம் திட்டம் வேறொரு வழியைக் கையாண்டது. நீதிமன்றத் தீர்ப்பு வழங்கிய நிகரத் தொகையில் 85 சதவீதம் வரை, நடுவர் தீர்வமாயின் 65 சதவீதம் வரை என்று தொகையையே வாய்பாடாக வகுத்தது. அலுவலரின் சொந்த விருப்புரிமைக்கு இடம் குறைந்தது. அதனால் அவருடைய அச்சமும் குறைந்தது. யார் வந்தார் என்ற கேள்வியே இங்கு எழவில்லை. தீர்ப்போ தீர்வமோ கிடைத்துவிட்ட வழக்குகளுக்கு இது நல்ல கருவி. எல்லாத் தகராறுகளையும் வாய்பாட்டில் அடக்க இயலாது என்பதும் உண்மை.

2024 ஜூன் 3 அன்று நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், உள்நாட்டுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் முறையைப் பொதுவாக 10 கோடி ரூபாய்க்கு உட்பட்ட தகராறுகளுக்கு வரையறுத்து, 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டப்படி சமரசத்தை நாடுமாறு துறைகளை ஊக்குவிக்கிறது. பெரிய தொகைகளில், ஓய்வுபெற்ற நீதிபதி, ஓய்வுபெற்ற உயர் அலுவலர், தொழில்நுட்ப வல்லுநர் போன்றோர் அடங்கிய உயர்மட்டக் குழுவை அமைத்துக்கொள்ளலாம். மேலிருந்து கிடைக்கும் இப்பாதுகாப்பு, மாவட்ட அளவில் சில லட்சங்களுக்காக நடக்கும் வழக்குகளுக்கும் வந்துசேர வேண்டும். அங்குதான் வழக்குகளின் எண்ணிக்கை மிகுதி. அங்குதான் எதிர்த்தரப்பின் தாங்கும் திறனும் குறைவு.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. அமர்வுக்கு முன்பே நிதி ஆலோசகரின் இசைவுடன் மேல்வரம்பு ஒன்றைக் கோப்பில் முடிவு செய்யலாம். மேலே காட்டிய கணக்கைப் போன்று ஒரு பக்கக் கணக்கு, இன்றைய மதிப்பையும் தோற்கும் வாய்ப்பையும் காட்டி, அந்தக் குறிப்போடு இணைக்கப்பட்டால் பின்னாளில் தணிக்கைக்கு அதுவே விடையாகும். செல்பவருக்கு அதிகாரக் கடிதம் வழங்கலாம். வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு ஒப்புதல் தரவல்லவர் அந்த வேளையில் தொலைபேசியில் கிடைப்பார் என்பதையும் அக்கடிதத்தில் எழுதலாம். வரம்புத் தொகையைக் கடிதத்தில் குறிப்பிடலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு அதைப் பார்த்துவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

அதிகாரக் கடிதத்துக்கு வேறொரு பயனும் உண்டு. சமரசத்தில் பேசப்பட்டவை இரகசியமானவை. முயற்சி தோற்றால், தோற்றது என்பதை மட்டுமே சமரசர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோதி ராம் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. இது சரியான நெறியே. ஆனால் இதனால், அமர்வு தோற்றது கருத்து வேறுபாட்டாலா, அதிகாரமற்றவர் வந்ததாலா என்பது நீதிமன்றத்துக்குத் தெரியாமலே போகிறது. பேச்சு தொடங்கும் முன்பே கடிதம் பதிவுக்கு வந்துவிட்டால், இரகசியத்துக்கு ஊறின்றி இந்தக் குறை வெளிப்படும்.

கட்டாயத்தின் எல்லை

வருகையைக் கட்டாயப்படுத்துவதில் ஆபத்தும் உண்டு. வரவேண்டும் என்பது வேறு. ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது வேறு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்கீழ் மக்கள் நீதிமன்றம் வழங்கும் ஆணை, தீர்ப்பாணைக்கு ஒப்பானது. அதன் மீது மேல்முறையீடு இல்லை. அத்தகைய ஆணை தரப்பினரின் உடன்பாட்டிலிருந்து மட்டுமே பிறக்க வேண்டும், மக்கள் நீதிமன்றம் தானே தொகையை முடிவுசெய்ய இயலாது என்று ஜலோர் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. அந்த வழக்கு, விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீடு பற்றியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றம் மட்டும், இணக்க முயற்சி தோற்றபின் தானே தீர்ப்பளிக்கலாம். அங்கும் எதிர்த்தரப்பு வரவில்லை என்பதற்காக இணக்கப் படிகளைத் தாண்டிச் செல்லலாகாது என்று கனரா வங்கி வழக்கில் (2022) கூறப்பட்டது.

குடும்ப வழக்குகளில் நிலைமை வேறு. இங்கே அதிகாரம் வந்தவரிடமே உள்ளது. வேறெவரும் அவருக்காக முடிவெடுக்க இயலாது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கறிஞர் மூலம் முன்னிலையாவதை உரிமையாக அளிக்கவில்லை. சமரச முயற்சியை நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது. சாந்தினி வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக, சமரச முயற்சி நடக்கும் கட்டத்தில் காணொலி வழி வருகைக்கு இடமில்லை என்றது. நேருக்கு நேர் அமர்ந்து பேசுவதற்கு ஈடு இல்லை என்பது அதன் அடிப்படை. நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். தொலைவில் வாழும் பெண்ணுக்குப் பயணமே பெருந்தடையாகக்கூடும் என்பதை எண்ணினால் மாறுபட்ட கருத்தின் வலிமை விளங்கும். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் நீதிமன்றங்கள் பெற்றுள்ள காணொலி அனுபவத்தின் வெளிச்சத்தில் இந்தக் கேள்வி மீண்டும் ஆராயப்படுதல் நன்று.

இறுதியாக, ஊராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளைப் பற்றி ஒரு சொல். இவற்றில் முடிவதிகாரம் பல சமயங்களில் தனி அலுவலரிடம் இல்லை, மன்றத்திடம் உள்ளது. மன்றத்தை அமர்வுக்கு அழைத்துச் செல்ல இயலாது. ஆகவே, தொகையின் எல்லையை முடிவுசெய்யும் அதிகாரத்தை ஒரு சிறு குழுவுக்கு ஒப்படைக்கும் தீர்மானம் முன்னதாகவே நிறைவேற்றப்பட்டு, அதன் நகல் செயல் அலுவலரின் கையில் இருத்தல் வேண்டும். அத்தகைய தீர்மானம் இல்லாவிடில், அடுத்த மன்றக் கூட்டம் கூடும் நாளைப் பார்த்தே சமரச அமர்வின் நாளைக் கேட்டுப் பெறுவது, இரு தரப்பினரின் ஒரு நாளையேனும் மிச்சப்படுத்தும்.